தண்ணி மேல ஒரு கயிறு, கையில கொஞ்சம் மல்லாட்டை

எனக்கு வாட்டர் ஸ்கீயிங் தெரியும்னு திருவண்ணாமலையில யார்கிட்டயாவது சொன்னா முதல்ல ஒரு சிரிப்பு வரும். சிரிச்சு முடிச்சதும் "இந்த ஊர்ல ஏது சார் அவ்ளோ தண்ணி?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். பஞ்சபூதத் தலங்கள்ல நெருப்புக்குன்னு ஒதுக்கின ஊர் இது. தண்ணி வேணும்னா திருவானைக்காவுக்குப் போகணும் :-)

பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வழக்கமா டீ குடிக்கிற கடை அண்ணன் ஒருத்தர்தான் சிரிக்காம விசாரிச்சார். "இன்னா தம்பி, பட்டம் விடற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாண்ணே. பட்டம் நானு, நூல் பிடிக்கிறது படகுக்காரன்."

"அப்ப நூலு அறுந்தா?"

"தண்ணியில உக்கார வேண்டியதுதான்."

"நீச்சல் தெரியுமில்ல?"

இந்தப் பதிவு அந்தக் கடைசிக் கேள்வியைப் பத்தினதுதான். ஆனா நேரா அங்க போகாம கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போறேன். கிரிவலம் போற ஊர்க்காரன், சுத்திப் போறதுதான் பழக்கம்.

முதல்ல இந்த விளையாட்டு என்னன்னு தெரியாதவங்களுக்காக நாலு வரி. கால்ல ரெண்டு நீளப் பலகை. கையில ஒரு கைப்பிடி, அதுலேர்ந்து ஒரு கயிறு, கயித்தோட அந்தப் பக்கம் மோட்டார் படகு. தண்ணிக்குள்ள குக்குன மாதிரி, முழங்கால் நெஞ்சுல ஒட்ட, பலகையோட மூக்கு மட்டும் வெளிய தெரிய உக்காந்திருக்கணும். படகு கிளம்பினதும் கயிறு விறைக்கும். அப்ப நாம ஒண்ணுமே செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம். புதுசா வர்றவங்க எல்லாரும் கைப்பிடியை நெஞ்சுக்கு இழுப்பாங்க, இல்ல அவசரப்பட்டு எழுந்துக்குவாங்க. இழுத்தா மல்லாக்க விழணும், அவசரப்பட்டா குப்புற விழணும். கையை நீட்டி வெச்சுக்கிட்டு, படகு இழுக்கிற இழுப்புக்கு விட்டுட்டா தண்ணியே கீழேர்ந்து தூக்கி நிறுத்திடும்.

எப்படித் தூக்குதுன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். ஏரிக்கரையில நின்னு தட்டையான ஓட்டாஞ்சில்லைச் சாய்ச்சு எறிஞ்சா, அது தண்ணி மேல தத்தித் தத்திப் போகுமே, அதே சமாச்சாரம்தான். கல்லு கனம், முழுகத்தான் வேணும். ஆனா வேகமும் சாய்வும் சரியா இருந்தா தண்ணி அதைக் கீழ விடாது. வேகம் குறைஞ்சதும் 'டொபுக்'. ஸ்கீ போடறவனும் அந்த ஓட்டாஞ்சில்லுதான். என்ன, அவனைத் தொடர்ந்து இழுக்க ஒரு கயிறு இருக்கு.

நான் இதைக் கத்துக்கிட்டது சிங்கப்பூர்ல. வேலைக்குப் போன காலத்துல, ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல இருந்த குளத்துல கேபிள் ஸ்கீ நடத்திக்கிட்டு இருந்தாங்க. அங்க படகே கிடையாது. குளத்தைச் சுத்திக் கம்பம் நட்டு, உச்சியில இரும்புக் கம்பி ஓடும், அதுலேர்ந்து தொங்குற கயிறு நம்மை இழுத்துக்கிட்டுப் போகும். ஞாயித்துக்கிழமை மத்த பசங்க தேக்கா மார்க்கெட்டுக்குப் போவாங்க, நான் இங்க போவேன். அப்புறம் மோட்டார் படகுக்குப் பின்னாலயும் போய்ப் பழகினேன். ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஜோடி ஸ்கீ கூடவே வந்துச்சு. இப்ப அது பரண் மேல இருக்கு. அதுல வடாம் காயப் போடலாமான்னு வீட்டம்மா ஒரு தடவை ரொம்ப சீரியஸாவே கேட்டாங்க. நல்ல நீளம், நல்ல வழவழப்பு, யோசிச்சா தப்பில்ல.

அடுத்த கேள்வி எல்லாரும் கேக்கறது: "இதனால என்ன பிரயோஜனம்?" உறவுக்காரங்க கல்யாண வீட்டுல கேப்பாங்க. மெடல் உண்டா, கவர்மெண்டு வேலையில கோட்டா உண்டா, உடம்பு இளைக்குமா. ஒலிம்பிக்ஸ்ல இருக்கான்னு கேட்ட மாமா ஒருத்தர்கிட்ட, 1972ல ம்யூனிக்ல கண்காட்சி விளையாட்டா ஒரு தடவை வெச்சாங்க, அப்புறம் மெடல் விளையாட்டா ஆகவே இல்லைன்னு சொன்னேன். "அப்ப வேஸ்ட்டு"ன்னு சொல்லிட்டு ரசத்துக்குப் போயிட்டார்.

எனக்கு இந்த 'பிரயோஜனம்'ங்கற வார்த்தை மேல ஒரு வருத்தம் உண்டு. விளையாட்டுன்னா ஜெயிக்கணும், நடைன்னா சுகர் குறையணும், புஸ்தகம்னா பரீட்சைக்கு வரணும்னு ஆக்கி வெச்சிருக்கோம். இந்த வாட்டர் ஸ்கீயிங் எப்படிப் பிறந்துச்சுன்னு பாருங்க. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல லேக் சிட்டின்னு ஒரு சின்ன ஊர். அங்க ரால்ஃப் சாமுவேல்சன்னு ஒரு 18 வயசுப் பையன். பனியில சறுக்க முடியுதே, தண்ணியில ஏன் சறுக்கக் கூடாதுன்னு ஒரு கிறுக்கு. முதல்ல பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், முழுகிப் போச்சு. பனிச்சறுக்குப் பலகையைக் கட்டினான், அதுவும் முழுகிப் போச்சு. கடைசியா 8 அடி நீளத்துக்கு ரெண்டு பைன் பலகை வாங்கி, அம்மாவோட செப்புப் பாத்திரத்துல வெந்நீர் வெச்சு, பலகை நுனியை அதுல வேக விட்டு மேல் நோக்கி வளைச்சான். அம்மா என்ன சொன்னாங்கன்னு வரலாறு பதிவு பண்ணல. நம்ம ஊரா இருந்தா விளக்குமாறு பறந்திருக்கும். அண்ணன் படகு ஓட்ட, பல நாள் விழுந்து எழுந்து, 1922 ஜூலை 2ந்தேதி பின்னால சாய்ஞ்சு, பலகை மூக்கைத் தூக்கி வெச்சா நிக்கலாம்னு கண்டுபிடிச்சான். மறுநாள் அவனுக்கு 19வது பிறந்தநாள். 1925ல சாய்வு மேடையில பன்றிக் கொழுப்பைத் தடவி, அதுல வழுக்கி ஆகாயத்துல தாவவும் செஞ்சான்.

பேட்டன்ட் எடுக்கல. அதே 1925ல ஃபிரெட் வாலர்னு இன்னொருத்தர் தன்னோட ஸ்கீக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். சாமுவேல்சன் வான்கோழி வளர்த்துப் பொழைச்சார். அவர்தான் முதல்னு அமெரிக்க சங்கம் ஒத்துக்கிட்டது 1966ல, 44 வருஷம் கழிச்சு. அந்தப் பையன்கிட்ட யாராவது பிரயோஜனம் கேட்டிருந்தா அவனால ஒரு பதிலும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அவனைப் பிடிக்கறதே அதனாலதான்.

சரி, இது வெள்ளைக்காரன் விளையாட்டு, பணக்காரன் விளையாட்டு, நமக்கு ஒட்டாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பணம் விஷயம் உண்மை. மோட்டார் படகு, பெட்ரோல், ஆள் கூலின்னு கணக்குப் போட்டா மயக்கம் வரும். ஒட்டாதுங்கறது மட்டும் உண்மையில்ல. கயித்துல இழுக்கிறதுன்னா என்னன்னு திருவண்ணாமலைக்காரனுக்கா சொல்லித் தரணும்? கார்த்திகை தீபத் திருவிழாவுல ஏழாம் நாள் தேரைப் பாத்திருக்கீங்களா? பெரிய தேர் ஒரு பக்கம், பெண்களே இழுக்கிற அம்மன் தேர் ஒரு பக்கம், சின்னப் பசங்க இழுக்கிற சண்டிகேஸ்வரர் தேர் ஒரு பக்கம். முதல் இழுப்புல தேர் அசையாது. கயிறு விறைக்கும், சங்கிலி முனகும், ஒரு நொடி எல்லாரும் மூச்சைப் பிடிப்பாங்க. அப்புறம் ஒரு குலுக்கல், கிளம்பிடும். படகு கிளம்பறப்ப கைப்பிடியில வர்றது அச்சு அசல் அந்த நொடிதான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, இங்க நான் தேர்.

தண்ணி மேல கயிறுன்னா தெப்பம் இருக்கு. மலையில தீபம் ஏத்தின மறுநாளேர்ந்து நம்ம அய்யங்குளத்துல தெப்பல் உற்சவம். மதுரையில வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், 1645ல திருமலை நாயக்கர் கட்டினது. அங்க தைப்பூசத்தன்னிக்கு கரையில நிக்கிற ஜனங்க வடம் பிடிச்சு இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுத்தி வரும். கரையிலேர்ந்து இழுத்தா மிதக்கறது வளைஞ்சு வரும்ங்கற கணக்கு அந்த ஜனங்களுக்குக் கையிலயே இருக்கு.

வளையறதுன்னதும் மாவளி ஞாபகம் வருது. கார்த்திகைக்கு மாவளி சுத்தாத பையன் எங்க தெருவுல கிடையாது. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடிச்சுத் தூளாக்கித் துணியில இறுக்கிக் கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவுல வெச்சு, கயித்துல கட்டிச் சுத்துவோம். நெருப்புப் பொறி பூவாக் கொட்டும். எவ்ளோ வேகமாச் சுத்தறோமோ அவ்ளோ பொறி, கையில அவ்ளோ இழுப்பு. வாட்டர் ஸ்கீயில ஸ்லாலம்னு ஒரு போட்டி இருக்கு. 259 மீட்டர் தூரத்துல ஆறு மிதவை, இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. படகு நடுவுல நேரா போகும், ஆம்பளைங்களுக்கு அதிகபட்சம் 58 கி.மீ. வேகம். நாம மாவளி மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வீசி ஆடி மிதவையைச் சுத்தணும். மிதவை நடுக்கோட்டுலேர்ந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். 18.25 மீட்டர்ல ஆரம்பிக்கிற கயித்தை ஒவ்வொரு சுத்துக்கும் குறைச்சுக்கிட்டே வருவாங்க. பெரிய ஆட்டக்காரங்க விளையாடறப்ப கயிறு 10.25, 9.75 மீட்டர்னு ஆயிடும். அதாவது கயிறு மிதவையை எட்டாது! மிச்சத்தைக் கையும் உடம்பும் நீண்டு எட்டணும். நான் அவ்ளோ தூரமெல்லாம் போனதில்ல. நீளக் கயித்துலயே மூணு மிதவை சுத்தினா அன்னிக்கு எனக்குத் தீபாவளி.

இப்ப தீனி. தண்ணியில ஒரு மணி நேரம் கிடந்துட்டு வெளிய வந்தா வர்ற பசிக்கு ஈடா இன்னொரு பசி கிடையாது. சிங்கப்பூர்ல அந்தக் குளத்தங்கரையில சாத்தே வாங்கித் தின்னிருக்கேன், நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பசிக்கு நாக்கு கேட்டது வேகவெச்ச மல்லாட்டை. வேர்க்கடலைன்னு சொன்னா எங்க பக்கம் ஒரு மாதிரி பாப்பாங்க. மணிலாவிலேர்ந்து வந்த கொட்டை மணிலாக்கொட்டையாகி, எங்க வாய்ல மல்லாட்டையாயிடுச்சு. கடல் தாண்டி வந்த பயிரு எங்க செம்மண்ணுல அப்படி ஒட்டிக்கிச்சு, இப்ப அது இல்லாத திருவண்ணாமலையை நினைக்க முடியாது. விளையாட்டும் அப்படி ஒட்டக்கூடியதுதான்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

பௌர்ணமி கிரிவலத்துல பாருங்க. 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சு ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டு லிங்கம். நடுவுல எத்தனை தள்ளுவண்டி! உப்புப் போட்டு வேகவெச்ச மல்லாட்டை, சுண்டல், மிளகாப்பொடி தூவின மாங்காக் கீத்து, சுட்ட சோளக்கதிர், அசதிக்கு சுக்கு காபி, விடியக்காலையில மூலிகை சூப். எதிர்ல வர்றவங்களை வேடிக்கை பாத்துக்கிட்டு, பழைய கதை பேசிக்கிட்டு, தோலை உரிச்சுக்கிட்டே நடக்கிறோம். பக்தியில வர்றவங்களை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா ராத்திரி முழுக்க நடந்தும் கால் வலியை மறக்க வைக்கிறதுல அந்த வேடிக்கைக்கும் பங்கு உண்டு. 'பிரயோஜனம் என்ன'ன்னு யாரும் மல்லாட்டை வண்டிக்காரர்கிட்ட கேக்கறதில்ல, பாத்தீங்களா?

ரொம்ப சுத்திட்டேன். சாத்தனூருக்குப் போவோம். திருவண்ணாமலையிலேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர். தென்பெண்ணை ஆத்துக்குக் குறுக்க 1958ல கட்டி முடிச்ச அணை. 119 அடி உயரம், 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு. ரெண்டு பக்கம் மலை, நடுவுல தகதகன்னு தண்ணி. போனா பொரிச்ச மீன் சாப்பிடாம யாரும் திரும்பறதில்ல. மசாலா தடவி, அடுப்புலேர்ந்து நேரா இலைக்கு வர்ற ஜிலேபி மீன். (ஒரு இனிப்புப் பேரை மீனுக்கு வெச்ச புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா தேவலாம். கேரளாவிலேர்ந்து வந்த என் நண்பன் முதல் தடவை பேரைக் கேட்டுட்டு பின்னாலயே போயிட்டான்.)

அந்த அணையைப் பாத்துட்டு என்கிட்ட எல்லாரும் சொல்றது: "நீ ஏன் இங்க இதை ஆரம்பிக்கச் சொல்லி மனு குடுக்கக் கூடாது? வாட்டர் ஸ்போர்ட்ஸ் வந்தா ஊரே மாறிடும்." ஆளுங்க ஆசையாத்தான் சொல்றாங்க. கேட்டா சந்தோஷப்பட வேண்டியவன் நான்தான். ஆனா என் பதில், வேணாம். இப்ப வேணாம்.

முதலைப் பண்ணை அங்க இருக்கறதால சொல்லல, ஹி ஹி. அது ஒரு காரணம்தான், விழுந்து எந்திரிக்கிற விளையாட்டுல விழுற இடம் முக்கியம். அதைவிடப் பெரிய காரணம், அது பாசனத்துக்கும் எங்க ஊர் குடிதண்ணிக்கும்னு இருக்கிற தண்ணி. மட்டம் மாசத்துக்கு மாசம் ஏறி இறங்கும். போன மாசம் ஆழமா இருந்த இடத்துல இந்த மாசம் பாறை தலை நீட்டும். மீன்காரங்க வலை கிடக்கும். மேல மழை பிடிச்சா என்ன ஆகும்னு 2024 டிசம்பர்ல பாத்தோமே. ஃபெஞ்சல் புயல்ல வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டு, விழுப்புரம், கடலூர் வரைக்கும் கரையோர ஊரெல்லாம் முழுகிச்சு. அதே புயல்ல எங்க அண்ணாமலையார் மலையிலேர்ந்தே மண் சரிஞ்சு ஏழு பேர் போனாங்க. தண்ணி அழகா இருக்குங்கறதுக்காக அது விளையாட்டுக்கு இசைஞ்ச தண்ணின்னு ஆயிடாது.

இதெல்லாம்கூட சமாளிக்கலாம், வேற இடம் பாக்கலாம். சமாளிக்க முடியாத காரணம் ஒண்ணு இருக்கு. டீக்கடை அண்ணன் கேட்ட கேள்விதான். நீச்சல் தெரியுமில்ல?

எங்க தெருவுல பத்துலேர்ந்து பதினஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பசங்க பொண்ணுங்களைச் சும்மா ஒரு நாள் கேட்டுப் பாத்தேன். பன்னெண்டு பேர்ல ஒரே ஒரு பையன் தெரியும்னான். அவனுக்குக் கிராமத்துல தாத்தா கிணறு இருக்கு. எனக்கு அந்த வயசுல என் சித்தப்பா கத்துக் கொடுத்தார். காய்ஞ்ச சுரைபுருடை ரெண்டை முதுகுல கட்டி, இடுப்புல கயிறு போட்டு, மேல் படியிலேர்ந்து தள்ளி விட்டார். சுரைபுருடை இல்லாதவங்க கல்யாண முருங்கைக் கட்டையைக் கட்டிப்பாங்க. ஒரு லீவு முடியறதுக்குள்ள ஊர்ப் பசங்க அத்தனை பேரும் மிதந்துடுவோம். பொண்ணுங்க மட்டும் கரையில நின்னு பாத்துட்டுப் போவாங்க, அதையும் சொல்லணும். இப்ப அந்தக் கிணறெல்லாம் ஒண்ணு வத்திப் போச்சு, இல்ல போர் போட்டாச்சு, இல்ல முள்ளு மண்டிக் கிடக்கு. தண்ணியைவிட்டுப் பிள்ளைங்க விலகிட்டாங்க. ஆனா தண்ணி மேல இருக்கற ஆசை விலகல.

ஏரி நிறைஞ்ச வருஷம் கோடை லீவுல பேப்பரை எடுங்க. குளிக்கப் போன ரெண்டு பேர், மூணு பேர், அண்ணன் தங்கச்சி. நான் பத்தாவது படிக்கும்போது என் பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவன் ஒரு திங்கக்கிழமை வரல. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டிருந்தவன், மண்ணு எடுத்த குழியில ஒரு அடி எடுத்து வெச்சிருக்கான். கூட நாலு பேர் இருந்தாங்க. யாருக்கும் நீச்சல் தெரியாது. அவன் கத்தலைன்னு சொன்னாங்க. கத்த முடியாது, அதுதான் விஷயம். முழுகறவன் சினிமாவுல மாதிரி கையை ஆட்டிக் கூப்பிட மாட்டான். வாய் தண்ணி மட்டத்துல இருக்கும்போது மூச்சு விடவே நேரம் பத்தாது, எங்க சத்தம் போடறது? பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கு விளையாடற மாதிரிதான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 கடைசியில ஒரு அறிக்கை போட்டுது. 2021ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில முழுகிச் செத்திருக்காங்க. அதுல நாலுல ஒரு பங்கு அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க. இதுக்குக் கண்டுபிடிக்காத மருந்து ஒண்ணும் இல்லைங்கறதுதான் எரிச்சலா இருக்கு. பங்களாதேஷ்ல குளத்துலயே மூங்கில் தட்டி கட்டி, ஆழத்தைக் குறைச்சு, கிராமத்துப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றாங்க. சிங்கப்பூர்ல 2010லேர்ந்து ஸ்விம்சேஃபர்னு ஒரு திட்டம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு நீச்சலோட, தண்ணியில தப்பிக்கிறதையும் சேர்த்துப் பழக்கறாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல மழைநீர் சேகரிப்புக்குப் பாடம் உண்டு, பத்து நிமிஷம் மிதக்கறதுக்குப் பாடம் கிடையாது.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கு வளர்ந்ததைப் பாருங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துல நடந்துச்சு. அங்க முதல்ல பலகை ஏறினது யாரு? மீனவர் வீட்டுப் பசங்க. அவங்களுக்குப் பலகை வர்றதுக்கு முன்னாடியே கடல் தெரியும். கட்டுமரத்துல போனவனுக்கு அலை பழக்கம், பலகை மட்டும்தான் புதுசு. தண்ணி முதல்ல, விளையாட்டு அப்புறம். நாம சாத்தனூர்ல தலைகீழா ஆரம்பிக்கப் பாக்கறோம். அப்படி ஆரம்பிச்சா என்ன நடக்கும்? வெளியூர்லேர்ந்து கார்ல வர்றவங்க ஒரு சுத்துக்கு ஆயிரக்கணக்குல குடுத்துட்டு ஜாலியா போவாங்க. நம்ம பிள்ளைங்க கரையில நின்னு மல்லாட்டை விப்பாங்க. எனக்கு மல்லாட்டை விக்கறதுல ஆட்சேபம் இல்ல. கரையிலயே நிக்கறதுலதான் ஆட்சேபம்.

வாட்டர் ஸ்கீயிங்ல ஒரு நல்ல வழக்கம் உண்டு. படகுல ஓட்டறவர் ஒருத்தர் போதாது. பின்னால திரும்பி உக்காந்து, ஸ்கீ போடறவனையே பாத்துக்கிட்டு இருக்க இன்னொருத்தர் வேணும். அவருக்கு வேற வேலையே கிடையாது. விழுந்தா கையைத் தூக்கி 'நல்லா இருக்கேன்'னு காட்டணும், காட்டலைன்னா படகு உடனே திரும்பும். எவ்ளோ பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் மிதவைச் சட்டை கட்டாம கயிறு கையில கொடுக்க மாட்டாங்க. படகும் பெட்ரோலும் நமக்கு வேணாம், இந்த ரெண்டு வழக்கத்தை மட்டும் முதல்ல இறக்குமதி பண்ணலாம். ஏரிக்குப் பிள்ளைங்க போறாங்களா, ஒரு பெரியவங்க கரையில உக்காந்து, போனை உள்ள வெச்சிட்டு, அவங்களையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்.

இன்னொண்ணு, யாராவது முழுகினா கையை நீட்டிக்கிட்டுப் பின்னாலயே குதிக்காதீங்க. பிடிச்சவன் விட மாட்டான், ரெண்டு பேரும் போயிடுவீங்க. கயிறு வீசுங்க. கயிறு இல்லைன்னா துப்பட்டா, வேட்டி, மூடி போட்ட காலி எண்ணெய்க் கேன். 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல நாலு பசங்க மாட்டிக்கிட்டப்ப, அங்க இருந்த மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையை அவுத்து வீசி ரெண்டு பேரைக் கரை சேர்த்தாங்க. அந்த வருஷம் சுதந்திர தினத்துல அவங்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சு தமிழ்நாட்டுல தண்ணி மேல போட்ட கயிறுகள்ல அதுதான் உசத்தி. ஸ்கீ கயிறெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இந்த மே மாசம் சித்தப்பா நிலத்துல ஒரு சின்ன ஏற்பாடு. அவரோட பழைய கிணத்துல இன்னும் படி இருக்கு, இந்த வருஷம் தண்ணியும் இருக்கு. ஆனா அங்க இல்ல, முதல் வாரம் பம்புசெட்டுத் தொட்டியில, இடுப்பளவுத் தண்ணியில. மூஞ்சியைத் தண்ணியில வைக்கறது, மூச்சை ஊதறது, மல்லாக்கப் படுத்து மிதக்கறது, அவ்ளோதான். மிதக்க வந்தவங்களுக்கு மட்டும் ரெண்டாவது வாரம் கிணறு, இடுப்புல கயிறோட. தெருவுலேர்ந்து ஏழு பிள்ளைங்க வர்றாங்க, அதுல நாலு பொண்ணுங்க. ஒரு பொண்ணோட அம்மா தானும் கத்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க, தாராளமான்னு சொல்லியிருக்கேன். கரையில உக்காந்து பாக்கற வேலைக்கு டீக்கடை அண்ணனே வர்றேன்னார், அந்த ஒரு வேலைக்கு அவரைவிடக் கவனமான ஆள் எனக்குக் கிடைக்க மாட்டார். மிதவைச் சட்டை நாலு வாங்கியாச்சு. சுரைபுருடைதான் எங்க தேடியும் ரெண்டுக்கு மேல கிடைக்கல. செங்கம், போளூர் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது காய்ஞ்சது இருந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன். வேகவெச்ச மல்லாட்டை ஒரு படி கொண்டு வர்றேன்.